பேரலையாக வரும் முதல் நாவலையும் அதன் தொலைக்காட்சித் தொடரையும் எடைபோடுவது எப்படி

பின்னட்டைப் பாராட்டுகளை விட்டுவிடுங்கள். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து உரையாடலைப் படியுங்கள். எல்லாரும் ஒரே குரலில் பேசினால் நான் புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிடுவேன்.

பானி கார்மஸின் ‘லெசன்ஸ் இன் கெமிஸ்ட்ரி’ (2022) நல்ல பயிற்சிக்களம். 1960களின் தொடக்கத்துக் கலிஃபோர்னியாவில், ஆய்வகத்தில் ஒதுக்கப்பட்ட எலிசபெத் ஸாட் தொலைக்காட்சியில் சமைத்துக்கொண்டே வேதியியல் கற்றுத்தருகிறாள். அவள் கோபம் நியாயமானது, நடையும் விறுவிறுப்பு. ஆனாலும் பென்சிலும் கையுமாக உட்காருங்கள். அவள் நினைப்பு தவறென்று கதை காட்டும் இடங்களைக் குறியுங்கள். எனக்கு மிகக் குறைவாகவே அகப்பட்டன. அவளை எதிர்க்கும் ஆண்களோ பெரும்பாலும் அட்டைப் பொம்மைகள். நூற்றுக்கணக்கான சொற்கள் புரியும் நாய்தான் என் மனத்தில் தங்கியது.

அப்புறம் தொடர். ஆப்பிள் டிவி பிளஸ் என்ற இணையத் திரைத்தளத்தில் 2023இல் வந்தது, 8 பகுதிகள். படித்த சூட்டோடு பார்க்காதீர்கள், சில வாரம் போகட்டும். புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்பதை விட, எதை மாற்றினார்கள், அது எதற்கு உதவியது என்று கேளுங்கள். நாவலில் நடுவயது அண்டைவீட்டுக்காரியான ஹாரியட், தொடரில் நெடுஞ்சாலைத் திட்டத்தை எதிர்த்துப் போராடும் கறுப்பினப் பெண். லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பினத்தவர் வாழ்ந்த சுகர் ஹில் குடியிருப்பைச் சான்டா மோனிகா நெடுஞ்சாலை பிளந்தது உண்மை வரலாறு. நாவலில் இல்லாத காலத்தின் கனம் இதனால் வருகிறது. ஆனால் அந்த இழைக்குத் தந்த நேரம் போதவே போதாது. ஹாரியட்டுக்குத் தனித் தொடரே எடுத்திருக்க வேண்டும்.