வள்ளத்தை ஈடு வைக்கும் சட்டம்: திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் சொந்த வள்ளமும் இயந்திரமும் வலையும் வைத்திருப்பவர் கடன் கேட்டுப் போனால், "காணி உறுதி இருக்கா, நகை இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். வள்ளத்தை அவர் கையிலேயே விட்டு, அதை ஈடாக எடுக்க வழி செய்வதுதான் அசையும் ஆதன ஈட்டுச் சட்டத்தின் வேலை. இதற்கென ஐக்கிய நாடுகள் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழு 2016இல், நாடுகள் பார்த்துத் தம் சட்டத்தை எழுதிக்கொள்ள ஒரு மாதிரிச் சட்டம் தந்தது. இலங்கையில் அதற்கு முன்பே, இதே வேலைக்கென 2009ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது.

இப்படியான சட்டத்தைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய முதல் தவறு, புதுச் சட்டத்தைப் போட்டுவிட்டுப் பழையவற்றைத் தொடாமல் விடுவது. 1949ஆம் ஆண்டு ஈட்டுச் சட்டம் ஒரு பக்கம், கம்பனிகள் சட்டத்தின்படி கம்பனிகளின் ஈடுகளுக்கான பதிவு இன்னொரு பக்கம் என்று கிடந்தால், ஒரே லொறியை இரண்டு பேரிடம் ஈடு வைக்கும்போது யாருக்கு முதல் உரிமை? விடை ஒரே இடத்தில் கிடைக்காவிட்டால் கடன் கொடுப்பவர் மறுபடியும் காணியைத்தான் கேட்பார். லீசிங்கை வெளியே விடுவதும் இதே தவறுதான். பெயர் குத்தகை என்றாலும் அது செய்வது ஈட்டின் வேலை.

அடுத்தது, ஈடுகளைப் பதியும் பதிவகம். காணிப் பதிவைப் போல முழு ஒப்பந்தத்தையும் கேட்கக் கூடாது. யார் கடனாளி, யார் கடன் கொடுத்தவர், ஈடு வைத்தது எந்தப் பொருள் என்ற சிறு அறிவித்தல் போதும்.

ஆனால் பெயரில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். கடனாளியின் சரியான பெயரைக் கொடுத்துத் தேடும்போது பதிவு அகப்படாவிட்டால் அது செல்லாது என்கிறது மாதிரிச் சட்டம். நம் பெயர்களை நினைத்துப் பாருங்கள். சிவஞானசுந்தரத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக இருக்கும், இன்னோரிடத்தில் ஒற்றை எழுத்தாக நிற்கும். சரி, அடையாள அட்டை எண்ணை வைத்துத் தேடலாமே என்றால், பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் 12 இலக்கம். இரண்டு எண்ணும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும்படி பதிவகத்தை அமைக்காவிட்டால் வடக்கில் இந்தச் சட்டம் பயன்படாது.

அப்புறம், கடன் கட்டத் தவறினால் ஈட்டுப் பொருளைப் பறிமுதல் செய்வது. எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் என்றால் வழக்கு முடியுமுன் இயந்திரம் துருப்பிடித்துவிடும். அதற்காகக் கடன் கொடுத்தவர் நினைத்தபடி வந்து தூக்கிப் போகவும் விடக் கூடாது. நுண்கடன் வசூலுக்கு ஆள் வந்து வாசலில் நின்றதை இங்குள்ள பெண்கள் மறக்கவில்லை. விற்குமுன் அறிவித்தல், கடனை அடைத்துப் பொருளை மீட்கும் வாய்ப்பு, விற்றபின் மிஞ்சும் காசைத் திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் மாதிரிச் சட்டத்திலேயே இருக்கின்றன. திருத்தும்போது இவற்றில் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது.