எட்டுக்கால் இருந்தால் பூச்சி இல்லை

எட்டுக்கால் பூச்சி என்ற பெயர் தன்னைத்தானே மறுக்கிறது. பூச்சிகளுக்கு ஆறு கால்தான். எட்டு இருப்பதாலேயே சிலந்தி அந்த வகுப்பில் சேராமல், தேளும் உண்ணியும் இருக்கும் பக்கம் போய்விடுகிறது. விலங்குகளைப் பற்றி எழுதும்போது பெயரை நம்பி வகை பிரித்தால் இப்படித்தான் சறுக்கும். நட்சத்திர மீனும் ஜெல்லி மீனும் மீன்கள் அல்ல; இரண்டுக்கும் முதுகெலும்பே கிடையாது. திமிங்கிலச் சுறாவோ மீன்தான்.

வாழும் இடமும் ஏமாற்றும். திமிங்கிலம் கடலில் இருந்தாலும் நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. வௌவாலும் அப்படியே. சரி, குட்டி போட்டால்தான் பாலூட்டியா? அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையிடும், ஆனாலும் பாலூட்டி. ரோமமும் பால் சுரப்பும்தான் கணக்கு.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தடுமாறுவது உணவு விஷயத்தில். 'கார்னிவோரா' என்ற விலங்கு வகைப்பெயரை ஊனுண்ணி வரிசை என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் அது வம்சத்தின் பெயர், சாப்பாட்டின் பெயர் அல்ல. பாண்டா அந்த வரிசையில் பிறந்த கரடி. தின்பதோ ஏறக்குறைய முழுக்க மூங்கில். குடல் மட்டும் இன்னும் ஊனுண்ணிக்கு உரிய குட்டைக் குடல். அதனால் தின்றதில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேற, பாவம், நாளில் பாதியைத் தின்பதிலேயே கழிக்கிறது.

தாவர உண்ணியைச் 'சைவம்' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். சைவம் மனிதர் எடுக்கும் முடிவு. மானுக்கு அப்படி விரதம் எதுவும் இல்லை. தாதுச்சத்து போதாதபோது மானும் ஒட்டகச்சிவிங்கியும் எலும்பைக் கடிக்கும்.

அப்புறம், 'இதுதான் நிறைய இருக்கிறதே, அழியாது' என்ற நினைப்பு. வட அமெரிக்காவின் பயணிப் புறா ஒரு காலத்தில் வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்தது. வேட்டையிலும் காடழிப்பிலும் சரிந்துபோய், மார்த்தா என்ற கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. அதனால்தான் ஐ.யு.சி.என். என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் செம்பட்டியல், அதாவது உயிரினங்களின் அழிவு ஆபத்தைத் தரம் பிரிக்கும் பட்டியல், தலைகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. எவ்வளவு வேகமாகக் குறைகிறது, வாழிடம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்றும் பார்க்கிறது.

பட்டியலில் நிலை மாறிக்கொண்டே இருக்கும், பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது. 2016-ல் பாண்டா 'அருகிய இனம்' என்பதிலிருந்து ஆபத்தில் ஒரு படி இறங்கி 'அழிவாய்ப்புள்ள இனம்' ஆனது. ஆப்பிரிக்க யானை என்று பொதுவாகச் சொல்வதும் இனி போதாது: 2021 முதல் அடர்காட்டில் வாழும் யானை 'மிக அருகிய இனம்', சவானா புல்வெளியில் வாழும் யானை 'அருகிய இனம்' என்று தனித்தனியாக இருக்கின்றன.

'அற்றுப்போனது' வேறு, 'காட்டில் அற்றுப்போனது' வேறு. வாள் போல் வளைந்த கொம்புள்ள ஓரிக்ஸ் மான் 2000-ல் இந்த இரண்டாவது நிலைக்குப் போனது. வளர்ப்பில் எஞ்சியவற்றின் வழித்தோன்றல்களை 2016 முதல் சாட் நாட்டில் திரும்ப விட்டார்கள். அங்கே குட்டிகள் பிறந்தன. 2023-ல் அது 'அருகிய இனம்' ஆகிவிட்டது.