14 நாளா, 14 வேலை நாளா? எம்எஸ் ப்ராஜெக்டில் கால அளவு கொடுக்கும் முறை

வேலை அட்டவணை போடும் மென்பொருளான எம்எஸ் ப்ராஜெக்டின் டியூரேஷன் (கால அளவு) கட்டத்தில் 14 என்று தட்டி என்டர் அழுத்தினால், அது 14 வேலை நாள் என்றே எடுத்துக்கொள்ளும். ஞாயிறு சேராது, பொங்கல் விடுமுறை சேராது. ஆனால் முட்டுக்கு மேலே இறுகிக்கொண்டிருக்கும் ரூஃப் கான்கிரீட்டுக்கு ஞாயிறும் பொங்கலும் ஒன்றுதான். கட்டட வேலைக்குப் போடும் ஷெட்யூலில் தேதிகள் நம்பும்படி வராததற்குப் பாதிக் காரணம் இந்தக் குழப்பம். இரண்டு மாடி வீடு ஒன்றை வைத்து, கால அளவை எப்படி முடிவு செய்வது, எப்படித் தட்டுவது, எங்கே கோளாறு வரும் என்று பார்க்கலாம். படிகள் டெஸ்க்டாப் பதிப்புக்கானவை.

முதல் வேலை காலண்டர்

டாஸ்க் (அட்டவணையில் ஒரு வரியாக வரும் வேலை) எதையும் எழுதும் முன் காலண்டரை முடித்துவிடுங்கள். மென்பொருளோடு வரும் ஸ்டாண்டர்ட் காலண்டர் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் 12, பகல் 1 முதல் 5. நம் சைட்டுகள் பெரும்பாலும் சனிக்கிழமையும் நடக்கும். 9 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடிகிற, வாரம் ஆறு நாள் சைட் என்று வைத்துக்கொள்வோம்.

1. ப்ராஜெக்ட் டேபில் ‘சேஞ்ச் வொர்க்கிங் டைம்’ திறந்து, ‘கிரியேட் நியூ காலண்டர்’ அழுத்தி, ஸ்டாண்டர்டை நகலெடுத்து ‘சைட் 6 நாள்’ என்று பெயர் வையுங்கள்.
2. ‘வொர்க் வீக்ஸ்’ டேபில் டிஃபால்ட் வரியைத் தேர்ந்து ‘டீடெய்ல்ஸ்’ போங்கள். திங்கள் முதல் சனி வரை தேர்ந்து, 9 முதல் 1, 2 முதல் 6 என்று இரண்டு வரி கொடுங்கள்.
3. ‘எக்செப்ஷன்ஸ்’ டேபில் விடுமுறைகளை எழுதுங்கள். அரசு விடுமுறைப் பட்டியலை அப்படியே ஏற்ற வேண்டாம். சைட் உண்மையில் நிற்கும் நாட்கள் மட்டும் போதும்.
4. ‘ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷன்’ திறந்து, காலண்டர் என்ற இடத்தில் ‘சைட் 6 நாள்’ தேர்ந்தெடுங்கள். காலண்டரை அழகாகச் செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். செய்தால் மட்டும் போதாது, ப்ராஜெக்டுக்கு மாட்டிவிடவும் வேண்டும்.
5. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஷெட்யூல் போய் தொடக்க நேரம் 9, முடிவு நேரம் 6, ஒரு நாளுக்கு 8 மணி நேரம், ஒரு வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு மாதத்துக்கு 26 நாள் என்று மாற்றுங்கள்.

ஐந்தாவது படியை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும்? அங்கே முதலில் இருப்பது 8, 40, 20. மென்பொருள் உள்ளுக்குள் கால அளவை நிமிடக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. நாள், வாரம், மாதம் எல்லாம் இந்த மூன்று எண்களை வைத்துப் பெருக்கி வகுத்துக் காட்டும் தோற்றம். வாரம் 40 மணி என்றே விட்டுவிட்டு ‘1 வாரம்’ என்று தட்டினால், ஆறு நாள் காலண்டரில் திங்கள் தொடங்கிய வேலை வெள்ளி மாலையே முடிந்ததாகக் காட்டும். சனிக்கிழமை காணாமல் போயிருக்கும்.

தொடக்க, முடிவு நேரம் பொருந்தாவிட்டால் வேறு மாதிரி கோளாறு. காலண்டர் 6 மணி வரை, ஆப்ஷன்ஸில் முடிவு 5 மணி என்று இருந்தால், நீங்கள் தட்டும் முடிவுத் தேதியை மென்பொருள் மாலை 5 மணி என்று படிக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை 5 நாள் வர வேண்டிய இடத்தில் 4.88 நாள் என்று வரும். இப்படிப் புள்ளி வைத்த நாள் எங்காவது தலைகாட்டினால், முதலில் இந்த இரண்டு நேரங்களைச் சரிபாருங்கள்.

இதையெல்லாம் ஆரம்பத்திலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 200 டாஸ்க் எழுதிய பிறகு நாளுக்கு 8 மணியை 9 என்று மாற்றினால், 10 நாள் என்று எழுதியதெல்லாம் 8.89 நாள் ஆகிவிடும். 80 மணி நேரம் அப்படியே இருக்கும். அதைக் காட்டும் அளவுகோல்தான் மாறும்.

தட்டும் எழுத்துகள்

எண்ணுக்குப் பின் ஆங்கில எழுத்து: நிமிடத்துக்கு எம், மணிக்கு ஹெச், நாளுக்கு டி, வாரத்துக்கு டபிள்யூ, மாதத்துக்கு எம்ஓ. இரண்டு மாதம் என்று நினைத்து 2எம் தட்டினால் 2 நிமிடம்தான் கிடைக்கும். வேலைகளைப் பட்டைகளாகக் காட்டும் கான்ட் சார்ட்டில் அந்தப் பட்டை மயிரிழையாகத் தெரியும், எளிதில் கண்ணில் படாது. 0 கொடுத்தால் அது மைல்ஸ்டோன், அதாவது நாள் எடுக்காத ஒரு கட்டத்தின் அடையாளம். கட்டட அனுமதி கிடைத்தது, மின் இணைப்பு வந்தது போன்றவற்றுக்கு அதுதான் சரி.

2010 பதிப்பிலிருந்து புதிய டாஸ்க்குகள் தாமாகவே ‘மேனுவலி ஷெட்யூல்டு’ முறையில்தான் வருகின்றன. இந்த முறையில் டியூரேஷன் கட்டத்தில் ‘மேஸ்திரியைக் கேட்கணும்’ என்றுகூட எழுதிவைக்கலாம், மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். முதல் வரைவுக்கு அது வசதிதான். ஆனால் முந்தைய வேலை தள்ளிப்போனால் இந்த டாஸ்க் தானாக நகராது. கீழே ஸ்டேட்டஸ் பாரில் ‘நியூ டாஸ்க்ஸ்’ என்ற இடத்தைச் சொடுக்கி ‘ஆட்டோ ஷெட்யூல்டு’க்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோவில் புது டாஸ்க் ‘1 நாள்?’ என்று கேள்விக்குறியோடு வரும். இது இன்னும் தோராயம், யாரும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். அந்தக் குறியை அவசரப்பட்டு நீக்காதீர்கள். ‘டாஸ்க்ஸ் வித் எஸ்டிமேட்டட் டியூரேஷன்ஸ்’ என்ற ஃபில்டர் போட்டால், இன்னும் யாரிடம் கேட்க வேண்டும் என்ற பட்டியல் கையில் வந்துவிடும்.

எண் எங்கிருந்து வருகிறது

அளவு, ஆள், ஒரு நாள் வேலை. இந்த மூன்றும் தெரியாமல் எழுதிய கால அளவு வெறும் ஆசை. தரைத்தளச் சுவர் 60 கன மீட்டர், கொத்தனார் 4 பேர், ஒரு கொத்தனார் சித்தாள் துணையோடு நாளுக்கு 1 கன மீட்டர் கட்டுவார் என்றால், 60 ÷ 4 = 15 நாள். அந்த 1 கன மீட்டரை உங்கள் மேஸ்திரியின் போன வேலையிலிருந்து எடுங்கள். சாரம் கட்டிய பிறகு வேகம் குறையும். லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் உத்தரம்) மட்டத்துக்குக் கீழே ஒரு டாஸ்க், மேலே ஒரு டாஸ்க் என்று பிரித்தால் கணக்கு இன்னும் ஒத்துவரும்.

அளவே தெரியாத வேலைகளுக்கு மூன்று எண் கேளுங்கள். எல்லாம் கூடிவந்தால் 8 நாள், வழக்கமாக 10, சொதப்பினால் 18 என்றால், நடு எண்ணை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும்: 66 ÷ 6 = 11 நாள்.

மழைக்காக ஒவ்வொரு டாஸ்க்கிலும் இரண்டு மூன்று நாள் கூட்டிவைப்பது பரவலான பழக்கம். சென்னைப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வேலை நிற்கும் என்பது உண்மைதான். அதற்கு அஸ்திவாரம் தோண்டுவது, வெளிப்பூச்சு போன்ற டாஸ்க்குகளுக்கு மட்டும், அந்த மாதங்களில் வாரத்துக்கு நாலு நாள் வேலை என்று தனிக் காலண்டர் செய்து, டாஸ்க் இன்ஃபர்மேஷனின் ‘அட்வான்ஸ்டு’ டேபில் மாட்டுங்கள். வெளிப்பூச்சு பிப்ரவரிக்குத் தள்ளிப்போனால் மழைக் கழிவு தானாக விலகிவிடும். கால அளவில் ஒளித்துவைத்த மூன்று நாள் அப்படி விலகாது, கோடையிலும் மழைக்காகக் காத்திருக்கும்.

இடி போடும் இடம்

இப்போது கான்கிரீட். கான்கிரீட் வேலைக்கான இந்திய விதித்தொகுப்பு ஐஎஸ் 456:2000இன்படி, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் போட்ட ஸ்லாபின் முட்டுகளை 4.5 மீட்டர் வரையிலான ஸ்பானுக்கு (தாங்கும் இடங்களுக்கு இடையிலான தூரம்) 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் விட வேண்டும். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. நீராற்றல் (தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்கும் கியூரிங்) சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு 10. வறண்ட வெயிலில் இவை முறையே 10, 14. பிபிசி என்ற கலப்பு சிமெண்ட் பயன்படுத்தும்போது முட்டு எடுக்கும் நாளையும் பொறியாளர் கூட்டச் சொல்லலாம்.

இவையெல்லாம் நாட்காட்டி நாட்கள். இவற்றுக்கு ப்ராஜெக்டில் எலாப்ஸ்டு டியூரேஷன் என்ற தனிவகை இருக்கிறது. அலகுக்கு முன்னால் ஆங்கில இ எழுத்தைச் சேர்க்க வேண்டும். 14, பிறகு இ, பிறகு டி. தமிழில் சேர்த்து எழுதினால் 14இடி. மழைக்கால ஷெட்யூலுக்குப் பொருத்தமான பெயர்தான்.

வித்தியாசத்தைத் தேதியோடு பாருங்கள். 2026 ஜனவரி 10, சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ரூஃப் கான்கிரீட் முடிகிறது. ஜனவரி 15, 16, 17 பொங்கல் விடுமுறை, 26 குடியரசு தினம். 14இடி என்று கொடுத்தால் காத்திருப்பு ஜனவரி 24 மாலை 6 மணிக்கு முடியும். 25 ஞாயிறு, 26 விடுமுறை, எனவே 27ஆம் தேதி செவ்வாய் காலை முட்டு எடுக்கலாம். வெறும் 14டி கொடுத்தால்? 12 முதல் 14 வரை மூன்று நாள், 19 முதல் 24 வரை ஆறு நாள், 27 முதல் 31 வரை ஐந்து நாள். முட்டு எடுப்பது பிப்ரவரி 2க்குப் போய்விடும். ஒரே ஒரு எழுத்துக்கு ஐந்து வேலை நாள் விலை, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்கு அத்தனை நாள் கூடுதல் வாடகை. (பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் 19ஆம் தேதியே திரும்பிவிடுவார்கள் என்று நம்பும் காலண்டர் இது என்பதையும் மனதில் வையுங்கள்.)

இதையே ப்ரெடசசர் (முந்தைய வேலை) கட்டத்தில் வரிசை எண்ணோடு எஃப்எஸ்+14இடி (அது முடிந்து 14 நாள் கழித்து இது தொடங்கும்) என்று இடைவெளியாகவும் எழுதலாம். தனி டாஸ்க்காகப் போடுவதுதான் நல்லது. அச்சடித்துச் சுவரில் ஒட்டும் சார்ட்டில் ‘முட்டு காத்திருப்பு’ என்று பட்டை தெரிந்தால், பத்தாம் நாளே பலகையைக் கேட்டு வரும் சென்ட்ரிங்காரரிடம் காட்ட ஒரு சாட்சி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: இடி போட்ட டாஸ்க்கில் ஆளைச் சேர்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றுபவரை 14இடி டாஸ்க்கில் 100 சதவீதம் சேர்த்தால், மென்பொருள் நாளுக்கு 24 மணி வீதம் 336 மணி வேலை என்று கணக்கிடும். அது 42 நாள் சம்பளம். நீராற்றலைத் தனி டாஸ்க்காக்கி, ஏழு நாளும் 8 மணி ஓடும் காலண்டரை மாட்டுங்கள். அதே ‘அட்வான்ஸ்டு’ டேபில் ‘ஷெட்யூலிங் இக்னோர்ஸ் ரிசோர்ஸ் காலண்டர்ஸ்’ என்பதையும் டிக் செய்தால்தான் ஞாயிறும் சேரும்.

பிரைமவேரா பி6 என்ற இன்னொரு அட்டவணை மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இடி கிடையாது. அங்கே இதே ஏழு நாள் காலண்டர்தான் வழி.

ஆளைச் சேர்த்ததும் எண் மாறினால்

15 நாள் டாஸ்க்கில் 4 கொத்தனாரை 400 சதவீதமாகச் சேர்த்தால் வொர்க் 480 மணி. பிறகு ஒருவர் நின்றுவிட்டார் என்று 300 சதவீதமாக மாற்றினால் கால அளவு 20 நாள் ஆகும். இது ‘ஃபிக்ஸ்டு யூனிட்ஸ்’ வகை, மென்பொருள் தானாகக் கொடுப்பதும் இதுதான். கொத்து வேலை, பூச்சு, டைல்ஸ் போன்றவற்றுக்கு இது சரியாகப் பொருந்தும். ஆள் கூடினாலும் நாள் குறையாத வேலைகளை, உதாரணமாகக் கரையான் மருந்து அடிப்பது, லிஃப்ட் கம்பெனியின் ஆய்வு போன்றவற்றை, டாஸ்க் இன்ஃபர்மேஷனில் ‘ஃபிக்ஸ்டு டியூரேஷன்’ ஆக்கிவிடுங்கள். ஆளைச் சேர்த்த பிறகு சனிக்கிழமை மட்டும் விடுபட்டால், ரிசோர்ஸ் ஷீட்டில் அவருடைய பேஸ் காலண்டர் ஸ்டாண்டர்டாகவே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்டோ டாஸ்க்கில் தொடக்கத் தேதியையோ முடிவுத் தேதியையோ கையால் தட்டினால், அந்தத் தேதி ஒரு கட்டுப்பாடாக ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் இது முன்னால் வராது. கால அளவையும் தொடர்பையும் மட்டும் கொடுங்கள், தேதியை மென்பொருள் சொல்லட்டும். பல டாஸ்க்குகளைத் தொகுத்துக் காட்டும் சம்மரி டாஸ்க்கின் டியூரேஷனையும் தொடாதீர்கள். எண் தட்டினால் அது மேனுவலாக மாறி, கீழே இருக்கும் டாஸ்க்குகளோடு ஒத்துப்போகாமல் நிற்கும்.

வேலை ஓடும்போது

பிறகு ஒப்பிட்டுப் பார்க்க, தொடங்கும் முன் ‘செட் பேஸ்லைன்’ போட்டு ஆரம்பத் திட்டத்தைச் சேமித்து வையுங்கள். சுவர் வேலை தொடங்கி 6 நாள் ஆயிற்று, 60 கன மீட்டரில் 20தான் முடிந்திருக்கிறது. 15இல் 6 நாள் போனதால் 40 சதவீதம் என்று எழுதினால், மீதி 9 நாள் என்று மென்பொருள் நம்பிவிடும். உண்மையான வேகம் நாளுக்கு 3.33 கன மீட்டர். மீதி 40க்கு 12 நாள் வேண்டும். ஆக்சுவல் டியூரேஷனில் 6, ரிமெய்னிங் டியூரேஷனில் 12 தட்டுங்கள். மொத்தம் 18 நாள், 33 சதவீதம் என்று தானாக மாறி, லிண்டலும் ரூஃபும் மூன்று நாள் பின்னால் நகரும். ரெடிமிக்ஸ் லாரிக்குச் சொல்லிவைத்த தேதியை மாற்ற அன்றைக்கே போன் போட்டுவிடலாம்.