ஒரே அறை வீட்டில் ஒர்க் ஃப்ரம் ஹோம்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பலருக்குத் தனி அறை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். சரி, இடத்தைப் பிரிக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்திலும் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்திலும் மீட்டிங் வைக்காதீர்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் காதில் மேனேஜர் சொல்வது ஏறாது. தலையைப் பிய்க்கும் வேலையை, தெரு கொஞ்சம் அடங்கியிருக்கும் முற்பகலில் முடித்துவிடுவது நல்லது.

கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும், வைஃபை ரூட்டர்தான் உடனே படுத்துவிடும். அதற்கென்றே சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓட்டும் பெட்டி) கிடைக்கிறது. கடைக்குப் போகும் முன், ரூட்டர் அடாப்டரில் 'அவுட்புட்' என்று அச்சிட்டிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். 9 வோல்ட்டும் உண்டு. யூபிஎஸ் தரும் வோல்ட் அதைவிடக் கூடிப்போனால் ரூட்டரே போய்விடலாம். ஆம்பியர், அடாப்டரில் போட்டிருப்பதைவிடக் குறையக் கூடாது. யூபிஎஸ் வயரின் முனை ரூட்டரில் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஃபைபர் இணைப்புக்குத் தனிப் பெட்டி இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள்.

கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பாருங்கள். எதிர்வீட்டு மொட்டை மாடி போதும்.

சாப்பாடு லேப்டாப் முன்னால் வேண்டவே வேண்டாம். கீபோர்டுக்குள் போன மீன்குழம்பை எந்த மெக்கானிக்கும் ஆசையாகத் துடைக்க மாட்டார்.

அப்புறம், சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆபீஸ் குரூப்பை மியூட் செய்துவிட்டு, திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். அவசரமென்றால் போன் செய்யச் சொல்லி டீமில் முன்பே சொல்லிவைத்தால் நச்சரிப்பு குறையும்.