கெம்பித்தா நம்முடையதா? பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் மெர்டேக்கா (சுதந்திர தின) அணிவகுப்பு நடக்கும்போது, நம் ராணுவத்தின் எட்டுச் சக்கரக் கவச வண்டியான கெம்பித்தா உறுமிக்கொண்டு வரும். கூட்டத்தில் யாராவது ஒருவர், "அதோ டாங்கி!" என்று பிள்ளைக்குக் காட்டுவார். அது டாங்கி இல்லை. மலேசியாவின் டாங்கி, போலந்திலிருந்து வந்த பெண்டேக்கார். கெம்பித்தாவின் ஒரு வகையான காலாட்படைப் போர் வாகனம் வீரர்களைச் சண்டை நடக்கும் இடம் வரை ஏற்றிப் போகும். அவர்கள் இறங்கிய பிறகும் 25 அல்லது 30 மில்லிமீட்டர் பீரங்கியோடு கூடவே நிற்கும். கெம்பித்தாவில் 12 வகைகள் உண்டு, ஆம்புலன்ஸ் உட்பட. எல்லாமே காலாட்படைப் போர் வாகனம் என்று எழுதிவிடாதீர்கள்.

"முழுக்க நம்ம நாட்டு வடிவமைப்பு" என்பதுதான் பெரிய தவறு. இதன் அடிப்படை துருக்கியின் எஃப்.என்.எஸ்.எஸ். நிறுவனம் வடிவமைத்த பார்ஸ் என்ற கவச வண்டி. 2011இல் 257 வண்டிகளுக்கு ஏறத்தாழ 755 கோடி ரிங்கிட்டில் ஒப்பந்தமானது; பகாங் மாநிலத்தின் பெக்கானில் மலேசிய நிறுவனமான டெஃப்டெக் தயாரித்தது. 30 மில்லிமீட்டர் பீரங்கிக் கோபுரம் தென்னாப்பிரிக்காவின் டெனெல், எஞ்சின் ஜெர்மனியின் டாய்ட்ஸ்.

சரி, அப்படியென்றால் வெளிநாட்டு எஞ்சின் இருந்தாலே சொந்த வடிவமைப்பு இல்லையா? இதுவும் தவறு. சிங்கப்பூர் 1997இல் படையில் சேர்த்த பயோனிக்ஸ் என்ற காலாட்படைப் போர் வாகனத்தைப் பாருங்கள். எஞ்சினும் பீரங்கியும் அமெரிக்காவுடையவை. ஆனாலும் அது சிங்கப்பூரின் வண்டிதான். உடற்கூட்டை வரைந்தது, எடையைக் கணக்கிட்டது, எதை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தது எல்லாம் அங்கேயே. பின்னாளில் அதை மேம்படுத்தி பயோனிக்ஸ் 2 கொண்டுவந்ததும் அவர்களே. உதிரிபாகம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வரைபடம் யார் கையில், அதை யார் மாற்றலாம் என்று கேளுங்கள்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் இயந்திரவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த வேறுபாடு நிச்சயம் தெரிய வேண்டும். கவசத் தகட்டைப் பற்றவைப்பது ஒரு திறமை. அந்தத் தகடு எத்தனை தடிமன் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது வேறு திறமை. முதலாவது நமக்குக் கைவந்துவிட்டது. இரண்டாவதற்குத்தான் ஆள் வேண்டும்.

அப்புறம், நம் ராணுவத்தின் இன்னொரு கவச வண்டியான அட்னானையும் கெம்பித்தாவையும் குழப்பாதீர்கள். அட்னான் சங்கிலிப் பட்டையில் ஓடுவது, அதுவும் எஃப்.என்.எஸ்.எஸ். வடிவமைப்பே. பெயர் மட்டும் முழுக்க நம்முடையது: 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் புக்கிட் சண்டுவில் போரிட்டு மாண்ட, காஜாங்கைச் சேர்ந்த லெப்டினன்ட் அட்னான் சைடியின் பெயர்.