விமானத்தில் கெட்ட உணவு வந்தால்: குமரி மாவட்டப் பயணிகள் முறையிடும் வழி

களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி வளைகுடா நாடுகளுக்குப் போய்வரும் குமரி மாவட்டத்தார் பலரும், கொடுத்த சோறு ஊசிப்போயிருந்தது என்றோ, தண்ணீர் கேட்டும் பணியாளர் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றோ வீட்டில் சொல்லி ஆற்றிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். முறையீடு எடுபட வேண்டுமானால், விமானம் தரையிறங்குவதற்கு முன்பே அதற்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

குறை எத்தகையது என்பதை முதலில் பாருங்கள். விமான உணவு தரையிலுள்ள கூடத்தில் சமைத்துக் குளிரூட்டப்பட்டு, மேலே மீண்டும் சூடாக்கித் தரப்படுவது. ஆகவே ஓரத்துச் சோறு காய்ந்து விறைத்து, நடுவில் சில்லென்று இருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துச் சூடாக்கித் தரச் சொல்லலாம். உப்பு உறைக்கவில்லை என்பதைப் புகாராக்குவதில் பயனில்லை. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பான காற்றழுத்தமும் வறண்ட காற்றும் நாவையும் மூக்கையும் மந்தமாக்கிவிடுவதால், நம்மூர் மீன்குழம்பும் அங்கே சற்றுச் சப்பென்றுதான் இருக்கும். புளித்த வாடை, பூச்சி, சைவம் கேட்டவருக்கு அசைவம் வருவது போன்றவையே முறையீட்டுக்கு உரியவை.

அப்படி ஏதேனும் கண்டால், பிசைவதற்கு முன், உணவும் மூடியில் ஒட்டிய சீட்டிலுள்ள தயாரிப்பாளர் பெயரும் தேதியும் ஒரே படத்தில் தெரியும்படி கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பணியாளர்களில் மூத்தவரை அழைத்து, உங்கள் குறையைப் பயண அறிக்கையில் பதிவு செய்யுமாறு கேளுங்கள். குறை அவமரியாதையைப் பற்றியதானால், பணியாளரின் பெயர்ப்பட்டையிலுள்ள பெயர், நேரம், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றை அப்போதே குறித்துவையுங்கள். உணவால் உடல்நலம் கெட்டால், இறங்கியதும் மருத்துவரிடம் சென்று சான்று பெறுவது மிக அவசியம்.

தாமதத்தின்போது உணவு கேட்பது வேறு கணக்கு. குறித்த நேரத்தில் செக்-இன் செய்த பயணிக்கு, இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் 2 மணி நேரமும், இரண்டரை முதல் 5 மணி நேரப் பயணத்தில் 3 மணி நேரமும், மற்றவற்றில் 4 மணி நேரமும் தாமதமாகும் என்றால், இந்திய நிறுவனங்கள் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. துபாய்க்குச் செல்பவருக்குப் பொருந்துவது 3 மணி நேரம்.

ஊர் வந்ததும், பி.என்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் மேல்முறையீட்டு அலுவலரிடமும், மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் முறையிடலாம்; 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். விமான நிலையம் கேரளத்தில் இருப்பதால் வழக்கையும் அங்கேதான் தொடுக்க வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முறையிடுபவர் வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம் என்பதால், குழித்துறைக்காரரும் மார்த்தாண்டத்துக்காரரும் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். பயணச்சீட்டுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் வழக்குத் தொடுக்கக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதுமில்லை. மனுவில் உணவுக்கான தொகை, மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, போர்டிங் பாஸ், படங்கள், நிறுவனத்தோடு நடந்த மின்னஞ்சல் போக்குவரத்து ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள்.