காபி குடித்தால் சர்க்கரை ஏறுமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

வயதானவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் முதல் பழி காபி மேல்தான் விழும். நிறுத்துவதற்கு முன், உங்கள் உடம்பில் அது என்ன செய்கிறது என்று வீட்டில் இரத்தச் சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டரை வைத்தே பார்த்துவிடலாம்.

பல வருடங்களாகக் காபி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வருவது குறைவு என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காஃபின் (காபியில் உள்ள ஊக்கப்பொருள்) நீக்கிய காபியிலும் இதே போக்குதான். ஆனால் குடித்த அடுத்த சில மணி நேரத்தில் நடப்பது வேறு. காஃபின் அட்ரினலினைத் தூண்டும். சர்க்கரையை இறக்கும் இன்சுலினின் வேலை கொஞ்சம் மந்தமாகும். அதனால் ஏற்கெனவே சர்க்கரை உள்ள சிலருக்கு அளவு ஏறும், சிலருக்கு ஒன்றும் ஆகாது.

படி 1: கோப்பையில் இருப்பதை அளந்து பாருங்கள்

தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். குவித்துப் போட்டால் இன்னும் கூடும். 100 மி.லி. பாலில் ஏறக்குறைய 5 கிராம் பால் சர்க்கரை உண்டு. இரண்டு கரண்டி சீனியுடன் நாளுக்கு மூன்று காபி என்றால் சீனி மட்டுமே 24 கிராம். என்னைக் கேட்டால், பாதிப் பேருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

படி 2: மூன்று காலைகள்

முதல் நாள் காபி கிடையாது. இரண்டாம் நாள் பால், சீனி இல்லாத கறுப்புக் காபி. மூன்றாம் நாள் வழக்கமான காபி. மூன்று நாளும் அதே காலை உணவு, அதே அளவு, அதே நேரம். மாத்திரையையும் நடையையும் மாற்ற வேண்டாம்.

சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாகத் துடையுங்கள். விரலில் பழச்சாறோ சீனியோ ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்யாக ஏற்றிக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். சாப்பிடும் முன் ஒரு அளவு, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. காபி இல்லாத நாளில் தலைவலிக்குமே என்றால், இரண்டாம் அளவை எடுத்ததும் குடித்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லையா? அன்று சோதனை வேண்டாம், தூக்கக் குறைவே சர்க்கரையை ஏற்றும்.

படி 3: கணக்கு

பின் அளவிலிருந்து முன் அளவைக் கழியுங்கள். 118 (மி.கி./டெ.லி.) இருந்தது 171 ஆனால் ஏற்றம் 53. வீட்டு மீட்டர்களுக்கு 100-க்கு மேல் 15 சதவீதம் வரை முன்பின் காட்ட அனுமதி உண்டு. ஆகவே பத்துப் பதினைந்து புள்ளி வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அடுத்த வாரமும் இதே மூன்று நாளைத் திரும்பச் செய்து பாருங்கள். கறுப்புக் காபியிலேயே இரு முறையும் நன்றாக ஏறினால் காஃபினைச் சந்தேகிக்கலாம். வழக்கமான காபியில் மட்டும் ஏறினால் சீனியும் பாலும்தான்.

படி 4: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

சீனி என்றால் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். தேனும் சர்க்கரைதான், அதில் ஏமாற வேண்டாம். காஃபின் என்றால் சின்னக் கோப்பை, அல்லது காஃபின் நீக்கியது. மாலைக் காபியை முதலில் விடுங்கள்: குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

கவனிக்க

கை நடுக்கம், படபடப்பு காபியாலும் வரும், சர்க்கரை இறங்கினாலும் வரும். "காபிதான்" என்று விட்டுவிடாமல் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். பீட்டா பிளாக்கர் (இரத்த அழுத்தம், இதய நோய்க்குத் தருவது) மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த நடுக்கம்கூடத் தெரியாமல் போகலாம். இன்சுலின் போடுபவர்கள் சீனியைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இன்சுலின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். ஆய்வகத்தில் வெறும் வயிற்றுச் சோதனை என்றால் கறுப்புக் காபியும் கூடாது, தண்ணீர் மட்டும்.